சேற்றில் நிமிர்ந்து நிற்கும் குழாய்கள்: டயோபாட்ரா புழுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காக்கைதீவு, நாவாந்துறை, மண்டைதீவுப் பக்கங்களில் வற்று நேரம் யாழ்ப்பாணக் களப்புக்குள் இறங்கி நடக்கிறவர்கள் கேட்ட கேள்விகளும், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் இதில் கலந்திருக்கின்றன. எல்லாமே டயோபாட்ரா என்ற ஒரே கடற்புழுப் பேரினத்தைப் பற்றியவை. இந்தப் புழுவின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பதில்களில் உடலமைப்புத்தான் கூட இடம் பிடித்திருக்கிறது.

சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் குழாய் என்ன? செடியின் அடியா, சிப்பியா?

இரண்டும் இல்லை. அது ஒரு புழுவின் வீடு. விரல் தடிப்பில், சேற்றுக்கு மேலே சில சென்ரிமீற்றர் உயரத்தில், உடைந்த சிப்பி ஓடுகளும் சாதாளை எனும் கடற்புல்லின் துண்டுகளும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் டயோபாட்ராவின் குழாய் வாய். பல இனங்களில் இந்த வாய் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது நுனி மட்டும்தான், குழாயின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளே நேரே கீழே போகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள டயோபாட்ரா குப்ரியா என்ற இனத்தின் குழாய் ஒரு மீற்றர் ஆழம் வரை போகக்கூடியது. அந்தப் புழு 30 சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும். அதனால் வீட்டுக்குள்ளே மேலும் கீழும் ஓடித் திரிய இடம் தாராளம்.

வகைப்பாட்டில் இதற்கு எங்கே இடம்?

வளையப்புழுக்கள் கணத்தில், பல்சிலிர்ப் புழுக்கள் (பொலிக்கீற்றா) வகுப்பில், யூனிசிடா வரிசையில், ஓனுஃபிடே குடும்பத்தில் உள்ள ஒரு பேரினம் டயோபாட்ரா. பேரினத்தை நிறுவியவர்கள் ஓடுவன், மில்ன் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விலங்கியலாளர்கள். ஆண்டு 1833. மாதிரி இனம், அதாவது பேரினத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட இனம், டயோபாட்ரா அம்பொய்னென்சிஸ், இந்தோனேசியாவின் அம்பொன் தீவிலிருந்து விவரிக்கப்பட்டது. ஓனுஃபிடே குடும்பத்தைச் சுவீடன்காரரான கின்பர்க் 1865இல் அமைத்தார்.

பேரினம் பிறப்பதற்கு முன்பே அதன் சில இனங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது டயோபாட்ரா குப்ரியா எனப்படுவதை 1802இல் போஸ்க் விவரித்தபோது நீரிஸ் பேரினத்தில்தான் சேர்த்தார். அந்தக் காலத்தில் காலும் முள்ளும் உள்ள நீளமான கடற்புழு எதுவானாலும் நீரிஸ் என்ற பெட்டிக்குள் போட்டுவிடுவது வழக்கம். இன்றைக்கு டயோபாட்ராவில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன, புதியவையும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

ஓனுஃபிடே குடும்பத்தை இன்றைய ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெரிய வேலை, ஹன்னலோர் பக்ஸ்டன் 1986இல் வெளியிட்ட பேரின மறுஆய்வு. அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தைத் தொடுகிற எவரும் அதைத் திறக்காமல் வேலை செய்ய முடியாது.

பாடப்புத்தகத்தில் குழாயில் வாழ்பவை ஒரு பக்கம், அலைந்து திரிபவை ஒரு பக்கம் என்று பிரித்திருந்தது. டயோபாட்ரா குழாயில்தானே இருக்கிறது, பிறகு ஏன் அலைபவற்றோடு சேர்க்கிறார்கள்?

நல்ல கேள்வி, பிள்ளைகள் சரியான இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பழைய பிரிவு வாழ்க்கை முறையைப் பார்த்துச் செய்தது. வசதிக்கு அது உதவியது, உறவைக் காட்டவில்லை. 2011இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வு வளையப்புழுக்களின் பெரும்பகுதியை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரித்தது. எரன்சியா (அலைபவை), செடன்டேரியா (ஓரிடத்தில் இருப்பவை) என்ற பழைய பெயர்களே அவற்றுக்கு மீண்டும் வந்தன, ஆனால் உள்ளடக்கம் மாறிவிட்டது. யூனிசிடா வரிசை முழுவதும் எரன்சியாவுக்குள் வருகிறது. தோட்டத்து மண்புழுவும் அட்டையும் மற்றக் கிளையான செடன்டேரியாவுக்குள் போய்விட்டன.

டயோபாட்ராவின் உடம்பைப் பார்த்தால் இது நியாயம் என்று தெரியும். நன்றாக வளர்ந்த கால்கள், உணர்கொம்புகள், பலமான தாடைகள் எல்லாம் ஓடித் திரிகிற வேட்டைப் புழுக்களுக்கு உரியவை. அந்த உடம்போடு குழாய்க்குள் குடியேறிய புழு இது. செர்புலிட் போன்ற உண்மையான குழாய்வாசிகள் தலையில் விசிறி விரித்துத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. இது அப்படிச் செய்வதில்லை, வாசலுக்கு வந்து எட்டிப் பிடித்துக் கடிக்கிறது.

தலையில் என்னென்ன இருக்கிறது?

கைக்கண்ணாடி போதும், பார்க்கலாம். தலைத்துண்டின் மேற்புறத்தில் ஐந்து நீண்ட உணர்கொம்புகள் தெரியும். நடுவில் ஒன்று, அதன் இரு பக்கமும் இரண்டு, வெளிப்புறத்தில் இன்னும் இரண்டு. பார்வைக்கு ஐந்தும் ஒரே சாதிப் பொருள் போல இருந்தாலும் வெளிப்புற இரண்டும் அமைப்பின்படி உணரிதழ்கள், நடு மூன்றுதான் உண்மையான உணர்கொம்புகள். ஒவ்வொன்றுக்கும் அடித்தண்டு ஒன்று உண்டு. அந்தத் தண்டில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். எத்தனை வளையம் என்று எண்ணி எழுதி வையுங்கள், இனத்தைக் கண்டுபிடிக்க அது உதவும்.

தண்டுக்கு மேலே மெலிந்து போகிற பகுதியில் நுண்ணிய உணர்மொட்டுகள் இருக்கின்றன. சில இனங்களில் அவை நீளவாட்டில் வரிசையாக நிற்கும், சிலவற்றில் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். இதற்கு நல்ல நுணுக்குக்காட்டி வேண்டும்.

தலைக்கு முன்னால் இரண்டு குட்டையான முன்னிதழ்கள், வாய்க்குக் கீழே இரண்டு தடித்த இதழ்கள். தலைக்கு அடுத்த, கால் இல்லாத வளையத்தில் ஒரு சோடி மெல்லிய இழைகள். இந்தச் சிறிய சோடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இது இல்லாத இனங்களை ஒருகாலத்தில் எப்பிடயோபாட்ரா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது அவை டயோபாட்ராவின் கிளைகளுக்கு நடுவிலேயே வந்து நின்றன. ஓர் இழை இல்லாததற்காகத் தனிப் பேரினம் வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் சொல்லக் கிடைக்காது.

செவுள் சிவப்பாக இருக்கிறதே, காயமா?

காயம் இல்லை, இரத்தம். டயோபாட்ராவின் இரத்தத்தில் ஈமோகுளோபின் வகை நிறப்பொருள் இருக்கிறது. நமக்குப் போலச் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டு இல்லாமல் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. செவுளின் தோல் மெல்லியது, அதனால் உயிரோடு இருக்கும்போது சிவப்பு அப்படியே வெளியே தெரியும். போமலினில் போட்டால் நிறம் போய்விடும்.

டயோபாட்ராவை மற்ற ஓனுஃபிட் புழுக்களிலிருந்து பிரித்துக் காட்டுகிற முதல் அடையாளமும் இந்தச் செவுள்தான். நடுவில் தடித்த தண்டு, அதைச் சுற்றிச் சுருளாக ஏறிப்போகிற இழைகள். போத்தல் கழுவுகிற பிரஷைச் சிறிதாக்கி முதுகில் நட்டு வைத்தது போல இருக்கும். கூடப் பிறந்த ஓனுஃபிஸ் பேரினத்தில் செவுள் இழைகள் இப்படிச் சுருளாகச் சுற்றாது. சேற்றிலிருந்து ஒரு புழு கிடைத்து அதன் முன்பகுதியில் இந்தச் சுருள் தெரிந்தால், குழாயைப் பார்க்காமலே டயோபாட்ரா என்று சொல்லத் துணியலாம்.

செவுள் உடம்பின் எல்லாத் துண்டிலும், அதாவது எல்லா உடல் வளையத்திலும், இல்லை. பெரும்பாலும் முள்ளுள்ள நான்காவது அல்லது ஐந்தாவது துண்டில் தொடங்கும். தொடங்கிய கொஞ்சத்திலேயே மிகப் பெரியதாக இருக்கும், பின்னால் போகப்போக இழைகள் குறைந்து குட்டையாகி நின்றுவிடும். ஏன் முன்னால் மட்டும் என்று கேட்டால், புதுத்தண்ணீர் வாசலில்தான் கிடைக்கிறது. குழாய்க்குள் இருக்கும்போது புழு உடம்பை அலை அலையாக நெளித்துத் தண்ணீரை உள்ளே ஓட விடுகிறது. எங்கள் களப்பு ஆழமில்லாதது, வெயில் ஏறினால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும். அப்படியான இடத்தில் வாழ இந்தச் செவுளும் அந்த நெளிவும் இல்லாமல் முடியாது.

கால்களைப் பற்றிச் சொல்லுங்கள். எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரியா?

இல்லை, இதில்தான் புழுவின் தொழில் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் சில சோடிக் கால்கள் மாறுபட்டவை. தடித்து, முன்னோக்கித் திரும்பி நிற்கும். அவற்றில் உள்ள முட்கள் கொக்கி வடிவம் கொண்டவை. மேலோட்டமாகப் பார்த்தால் நடுவில் மூட்டு இருப்பது போலத் தோன்றும், உற்றுப் பார்த்தால் முழு மூட்டு இல்லை. கொக்கி நுனியை மூடி மெல்லிய உறை ஒன்று இருக்கும். புழு வாசலுக்கு வரும்போது குழாயின் விளிம்பைப் பற்றுவதும், உணவை இழுக்கும்போது உடம்பை நிலைநிறுத்துவதும் இந்தக் கால்களின் வேலை. நுனியில் ஒரு பல்லா, இரண்டா, மூன்றா என்பது இனத்துக்கு இனம் மாறும்.

அதற்குப் பின்னால் வருகிற கால்களில் முட்கள் வேறு. மயிர் போல மெலிந்து ஒரு பக்கம் சிறகு வைத்த முட்கள், சீப்பு வடிவ முட்கள். சீப்பு முள்ளை முதன்முறை நுணுக்குக்காட்டியில் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு புழுவின் காலில் இவ்வளவு நேர்த்தியா என்று வாயடைத்துப் போவார்கள். பல் எத்தனை, சீப்பின் விளிம்பு நேராக இருக்கிறதா சரிந்திருக்கிறதா என்பதும் இன அடையாளமே.

பின்னும் போனால், காலின் கீழ்ப்பகுதியில் தடித்த கொக்கிகள் சோடியாக வரத் தொடங்கும். பெரும்பாலும் நுனியில் இரண்டு பல். புழுவைக் குழாய்க்குள் இறுக்கி வைத்திருப்பவை இவைதான். எந்தத் துண்டில் தொடங்குகின்றன என்பதை வகைப்பாட்டியலாளர்கள் மறக்காமல் எழுதுவார்கள். இந்த முட்கள் எல்லாமே கைற்றினும் புரதமும் சேர்ந்து ஆனவை.

காலின் கீழ்ப்புறத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். முன்துண்டுகளில் விரல் போல நீண்டிருக்கிற கீழிழை, சில துண்டுகளுக்குப் பிறகு தட்டையான திட்டாக மாறிவிடும். அது சுரப்பித் திட்டு. குழாய் கட்டுகிற பசைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. உடம்பின் கடைசியில் மலவாயைச் சுற்றி மெல்லிய வால் இழைகள். முழுப் புழு கிடைத்தால்தான் அதைப் பார்க்கலாம், முழுப் புழு கிடைப்பதோ அருமை.

இவ்வளவு மென்மையான புழுவுக்குத் தாடையா?

ஆம், அதுவும் ஒன்றல்ல, ஒரு தொகுதியே இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது, தொண்டையின் அடியில் ஒரு தசைப்பைக்குள் மடிந்து கிடக்கும். இறந்த புழுவின் தலையை மேற்புறமாகக் கவனமாகக் கீறித் திறந்தால் கரிய பளபளப்பான துண்டுகள் கண்ணில் படும்.

கீழே ஒரு சோடி கீழ்த்தாடைகள், இவற்றில் கல்சியம் காபனேற்று படிந்திருக்கும். மேலே பல சோடி மேல்தாடைகள், பின்னாலிருந்து முன்னுக்கு வரிசையாக. முதல் சோடி இடுக்கி போல வளைந்து பல்லில்லாமல் இருக்கும், இரையைக் கவ்வுவது அதுதான். இரண்டாவது சோடியில் பற்கள் வரிசையாக உண்டு. மூன்றாவது தட்டு மட்டும் இடது பக்கம் ஒன்றே ஒன்று, வலது பக்கத்தில் சோடி கிடையாது. உடம்பு முழுக்க இடம் வலம் ஒத்துப்போகிற விலங்கின் வாய்க்குள் இப்படி ஒரு சமச்சீரின்மை. பிறகு நான்காவதும் ஐந்தாவதும் சோடியாகவே வருகின்றன. இடது வலது பற்களின் எண்ணிக்கையைத் தனித்தனியே கூட்டல் குறி போட்டு எழுதுவது வழக்கம்.

யூனிசிடா வரிசைப் புழுக்களின் தாடை எளிதில் அழியாது. உடம்பு முழுக்கக் கரைந்த பிறகும் தாடை பாறைக்குள் தங்கிவிடும். ஸ்கோலெகொடொன்ற் எனப்படும் அப்படியான தாடைப் புதைபடிவங்கள் ஓர்டோவிசியன் காலப் பாறைகளிலேயே ஏராளம். நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலிலும் இந்தக் கூட்டத்தின் முன்னோர்கள் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

என்ன சாப்பிடுகிறது?

அகப்பட்டதை. குழாய் வாயில் ஒட்டியிருக்கிற பாசி, அதற்குள் ஒளிந்திருக்கிற சின்ன உயிர்கள், செத்து மிதந்து வருகிற துண்டுகள்.

குழாயை எப்படிக் கட்டுகிறது?

உள்ளே காகிதம் போல மெல்லிய, ஆனால் கிழிக்கக் கடினமான ஓர் உறை. அதைப் புழுவே சுரக்கிறது. அதன் வெளிப்புறத்தில் மணலும் சேறும் ஒட்டிக்கொள்ளும். சேற்றுக்கு மேலே நீண்டிருக்கிற பகுதிக்குத்தான் கூடக் கவனம். புழு வாசலில் தலையை நீட்டித் துழாவி, சிப்பி ஓட்டுத் துண்டையோ பாசியையோ தாடையால் கவ்விக்கொண்டு வந்து, விளிம்பில் வைத்து, பசையால் ஒட்டுகிறது. ஓட்டுத் துண்டுகளின் ஒரு விளிம்பு மட்டும் குழாயில் பதிந்து மற்ற விளிம்பு வெளியே நீட்டி நிற்கும்படி வைக்கும்.

எங்கள் களப்பில் சாதாளை அதிகம் உள்ள இடத்துக் குழாயையும், சிப்பி ஓடு நொறுங்கிக் கிடக்கிற இடத்துக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டுகிறது என்பது புரியும். அதனால் குழாயை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

இந்தக் குழாய்களால் களப்புக்கு நன்மையா கெடுதலா?

நன்மை என்று தயங்காமல் சொல்வேன். குழாய் நிறைந்த மண் அலைக்குச் சுலபமாக அரிக்காது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சாரா வூடின் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. டயோபாட்ரா குப்ரியாவின் குழாய்களைச் சுற்றியுள்ள மண்ணில் சிறு உயிர்கள் கூடுதலாக இருந்தன, நண்டு போன்ற தோண்டும் விலங்குகளிடமிருந்து அவற்றுக்கு அங்கே புகலிடம் கிடைத்தது என்று அவர் காட்டினார்.

பாசிக்கும் குழாய் ஒரு பிடிமானம். பாறையே இல்லாத சேற்றுத் தரையில் பாசி எதைப் பிடித்து வளரும்? அதே அமெரிக்கக் கரையில், வெளியிலிருந்து வந்து பரவிய கிரசிலேரியா பாசி இந்தப் புழுக் குழாய்களில் ஒட்டிக்கொண்டே சேற்றுத் தரைகளை மூடியிருக்கிறது. உள்ளூர்ப் பாசிக்கு உதவுகிற குழாய் வந்தேறிக்கும் உதவிவிடுகிறது. அதற்காகப் புழுவைக் குறை சொல்ல முடியாது.

இழுத்தால் குழாய் மட்டும்தான் கையில் வருகிறது. புழு எங்கே?

கீழே. உங்கள் கால் அதிர்வு சேற்றில் பட்டதுமே அது ஆழத்துக்கு இறங்கியிருக்கும். காக்கைதீவில் சிறகுவலைக் கம்பு மாற்றிக்கொண்டிருந்த ஓர் ஐயா சொன்னது: “தம்பி, உதை இழுத்தால் வராது. பக்கத்திலை மண்ணை வெட்டி, அடியிலை இருந்து கிளப்பவேணும். சத்தம் போடாமல் போ.” அவருடைய முறைதான் சரி. குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேரே இறக்கி, கட்டியோடு புரட்டி, குழாயை நீளவாட்டில் கத்தரிக்கோலால் கீற வேண்டும். அவசரப்பட்டால் பின்பாதி மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.

கடிக்குமா? சுணைக்குமா?

பயப்படத் தேவையில்லை. பெரிய புழு தாடையால் கிள்ளப் பார்க்கலாம், அவ்வளவுதான். முட்களில் நஞ்சு இல்லை. வலையில் ஏறி வந்து தொட்டவுடன் தீயாய் எரிகிற மயிர்க்கொட்டி போன்ற புழு வேறு. அது அம்பினொமிடே குடும்பத்து நெருப்புப்புழு, முள் உடையக்கூடியது, தோலில் தங்கிவிடும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள்.

தலை அறுந்தாலும் வளருமாமே?

ஓரளவுக்கு உண்மை. மீனும் பறவையும் வாசலில் வைத்துக் கவ்வும்போது முன்பக்கத்துத் துண்டுகள் போய்விடும். சில துண்டுகள் மட்டும் போயிருந்தால் புழு உயிர் தப்பித் தலை, உணர்கொம்பு, தாடை எல்லாவற்றையும் மீண்டும் வளர்க்கும். அதிகம் போனால் செத்துவிடும். வால் பக்கம் போனாலும் வளரும். சேற்றில் எடுக்கிற புழுக்களில் முன்பகுதி மட்டும் வெளிறி, ஒல்லியாக இருந்தால் அது புதிதாக வளர்ந்த பகுதியாக இருக்கலாம். அப்படியான புழுவை வைத்து இனம் சொல்லப் போகாதீர்கள், அளவுகளும் எண்ணிக்கைகளும் பிசகும்.

ஆண் பெண் உண்டா?

உண்டு, தனித்தனி. ஐரோப்பிய டயோபாட்ரா நியாபொலிட்டானாவில் முட்டை நிறைந்த பெண் பச்சை நிறமாகவும் ஆண் வெளிர்மஞ்சளாகவும் தெரியும். முட்டை வளர்கிற விதம் விசித்திரமானது. ஒவ்வொரு முட்டையிலும் ஊட்டக் கலங்கள் கோத்த இரண்டு சரங்கள் தொங்கும், முட்டை அவற்றோடு உடற்குழித் திரவத்தில் மிதந்தபடியே முதிர்கிறது. புழுவின் பக்கத்தில் ஊசியால் குத்தி ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் அந்தச் சரங்களை நேரடியாகப் பார்க்கலாம். பல இனங்கள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. டயோபாட்ரா மரொக்கென்சிஸ் அப்படியல்ல, தாயின் குழாய்க்குள்ளேயே குஞ்சுகள் வளர்கின்றன.

எங்கள் களப்பில் இருப்பது டயோபாட்ரா நியாபொலிட்டானா என்று ஓர் அறிக்கையில் பார்த்தேன். அப்படியே எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான்.

நியாபொலிட்டானா 1841இல் டெல்லே கியாஜே விவரித்த இனம், அதன் ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். பின்னால் வந்தவர்கள் உலகெங்கும், இந்து சமுத்திரத்திலும், சுருள் செவுளுள்ள புழு கிடைத்தபோதெல்லாம் இந்தப் பெயரை வைத்தார்கள். அன்றைக்கு ஒப்பிட மாதிரிகள் குறைவு, விவரிப்புகள் சுருக்கம், வேறு வழி இருக்கவில்லை. அதன்பிறகு ஐரோப்பாவிலேயே நிலைமை மாறிவிட்டது. போர்த்துக்கலில் 2010இல் டயோபாட்ரா மைக்ரூரா என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. பிரான்சின் மேற்குக் கரையில் நியாபொலிட்டானா என்றே அழைக்கப்பட்டு வந்த புழு, 2012இல் டயோபாட்ரா பிஸ்கயென்சிஸ் என்ற தனி இனமானது. நேப்பிள்ஸுக்கு அவ்வளவு கிட்டவே பெயர் பிழையாகிவிட்டது என்றால், எங்கள் களப்புக் கரையான அராலிச் சேற்றில் இருக்கிற புழுவுக்கு அதே பெயரை ஒட்டுவது எப்படிச் சரியாகும்?

இலங்கையில் இந்த வேலைக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். விலங்கியலாளர் ஹேர்ட்மன் 1902இல் மன்னார் முத்துக்குளிப்புப் பகுதிகளில் சேகரித்த பல்சிலிர்ப் புழுக்களை ஆர்தர் வில்லி ஆராய்ந்து 1905இல் எழுதினார். 1958இல் கொட்பிரட் பிள்ளை, ஐரோப்பியப் பெயர் ஒன்றைத் தூக்கிப் போடாமல், இலங்கையின் உவர்நீர்ப் புழு ஒன்றைத் துண்டு துண்டாக ஆராய்ந்து மார்பைசா பொரடெய்லி என்ற புதிய இனமாக நிறுவினார். மார்பைசாவும் யூனிசிடா வரிசையைச் சேர்ந்ததுதான், டயோபாட்ராவுக்கு உறவு. அந்தக் கவனத்தைத்தான் எங்கள் களப்பு டயோபாட்ராவுக்கும் காட்டவேண்டும். அதுவரை “டயோபாட்ரா, இனம் தீர்மானிக்கப்படவில்லை” என்று எழுதுவதில் எந்த வெட்கமும் இல்லை. பிழையான பெயர் ஒரு பட்டியலில் ஏறிவிட்டால் அடுத்த பட்டியல் அதைப் பார்த்து எழுதும், பத்துப் பட்டியல் வந்த பிறகு அதை யாராலும் இறக்க முடியாது.

அப்படியானால் இனம் தீர்மானிக்க எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?

மேலே சொன்னவைதான்: கொம்பின் அடித்தண்டில் எத்தனை வளையம், உணர்மொட்டு வரிசையாகவா சிதறியா, மாறுபட்ட முன்கால்கள் எத்தனை சோடி, அவற்றின் கொக்கியில் எத்தனை பல், செவுள் எந்தத் துண்டில் தொடங்கி எங்கே முடிகிறது, சீப்பு முள்ளின் பற்கள், கீழ்க்கொக்கி தொடங்கும் துண்டு, தாடைப் பற்களின் எண்ணிக்கை. புழுவின் அகலத்தையும் பத்தாவது துண்டு வரையான நீளத்தையும் அளந்து விடுங்கள். இளம் புழுவுக்கும் முதிர்ந்த புழுவுக்கும் பல எண்ணிக்கைகள் மாறும், அளவு இல்லாத குறிப்பு பாதிக் குறிப்பு. ஒரே ஒரு புழுவை வைத்து முடிவு எடுக்காமல் பல அளவில் சிலவற்றைப் பாருங்கள். முடிந்தால் மரபணுவுக்கும் ஒரு துண்டு ஒதுக்குங்கள்.

மாதிரியை எப்படிப் பாதுகாப்பது?

நேரே போமலினில் போட்டால் புழு சுருண்டு, தாடையும் கொம்பும் உள்ளே இழுபட்டுவிடும். முதலில் மயக்க வேண்டும். மக்னீசியம் குளோரைட்டை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் ஏறத்தாழ 70 முதல் 75 கிராம் கரைத்து, அதில் புழு அசையாமல் தளரும்வரை விடுங்கள். தளர்ந்ததும் கொஞ்சத் திசுவை வெட்டி 95 சதவீத எதனோலில் தனியே போடுங்கள், போமலினில் ஊறிய திசுவில் மரபணு வேலை செய்வது கஷ்டம். மீதியைக் கடல் தண்ணீரில் கலந்த 10 சதவீதப் போமலினில் நேராக நீட்டி வைத்து, ஓரிரண்டு நாளுக்குப் பிறகு கழுவி 70 சதவீத எதனோலுக்கு மாற்றுங்கள். கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

துண்டுச் சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள், பேனை மை எதனோலில் கரையும். இடம், திகதி, தண்ணீர் ஆழம், மண்ணின் தன்மை, குழாயில் என்ன ஒட்டியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குழாயையும் எறிய வேண்டாம். சுண்டிக்குளம் தேசிய பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது.

தூண்டில் இரைக்கு இதைத் தோண்டலாமா?

மீன் விரும்பிக் கடிக்கிற இரைதான். போர்த்துக்கலின் அவெய்ரோக் களப்பில் நியாபொலிட்டானாவை இரைக்காகப் பெருமளவில் தோண்டுகிறார்கள். ஆனால் ஒரு புழுவுக்காக மண்வெட்டி போடுகிற இடத்தில் சாதாளை வேரோடு கிளம்பும், சுற்றியுள்ள சிறு சிப்பியும் குஞ்சு நண்டும் வெயிலில் கிடக்கும். ஓரா மீனும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குகிற இடம் அதே சாதாளைப் படுகைதான். இரை தேவையானால் சாதாளை இல்லாத வெறும் சேற்றில், கொஞ்சமாக எடுத்து, கிளப்பிய மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளி மூடிவிட்டு வாருங்கள்.